தவணை உள்ள காசும் தவணை இல்லாத சந்தையும்

மாசி மாதம் பெரும்போக வெட்டு மும்முரமாக நடக்கிற ஒரு நாளில் பழுகாமத்து வட்டைக்குள் போய் நின்று பாருங்கள். மெசின் வெட்டிக்கொண்டு வந்து நெல்லைக் கொட்டுகிற இடத்திலேயே லொறி நிற்கும். நெல் ஈரம். காயவிட்டு, மூட்டை கட்டி, இரண்டு மூன்று மாதம் வீட்டில் வைத்திருந்தால் இதைவிட நல்ல விலைக்குப் போகும் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வரம்பிலேயே விற்கிறார்கள். மெசின்காரருக்கு அன்றைக்கே கூலி கொடுக்க வேண்டும். பசளைக் கடைக்காரர் வெட்டு முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஈடு வைத்த நகைக்குத் தவணை பங்குனியில் முடிகிறது. விற்கிறவருக்கு விவரம் இல்லாமல் இல்லை, அவருடைய காசுக்குத் தவணை இருக்கிறது. லொறியில் வந்தவருக்கு அது இல்லை. ஆகவே விலையைச் சொல்கிறவர் அவர்.

பங்கு, தங்கம், டொலர், திறைசேரி உண்டியல், கைபேசிச் செயலி என்று நாம் பார்க்கப்போகிற எல்லாவற்றுக்கும் இந்த வரம்பில் நடக்கிற வியாபாரம்தான் அடிப்படை. ஒரு போகமாவது வேளாண்மை செய்தவருக்குச் சந்தை எப்படி ஏறி இறங்கும் என்று புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நெல்லில் தெரிந்ததைக் கொழும்பு விஷயத்தில் மறந்துவிடாமல் இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு: “இப்ப ஓடுறது அதுதான்.” ஒரு காலத்தில் லீசிங்கில் எடுத்த லேண்ட்மாஸ்டர் ஓடியது. பிறகு ஓட்டோ ஓடியது. காசு விஷயத்திலும் இப்படி ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்று ஓடும். அதை இந்த அத்தியாயத்தில் ‘ஓட்டம்’ என்றே சொல்கிறேன். ஓட்டம் எப்போதும் கொழும்பில் தொடங்கும். மட்டக்களப்பு நகரத்துக்கு வரும், களுவாஞ்சிக்குடிக்கு வரும், பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் கடைசியாகத்தான் படுவான்கரைக்கு வந்து சேரும். வருகிற வழியில் ஒவ்வொரு கையிலும் விலை ஏறியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போர் முடிந்த பின் ஏறிய சந்தை

2009 மே மாதம் போர் முடிந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 1,500. ஆண்டு முடிவில் 3,385. அதற்கடுத்த ஆண்டு முடிவில் 6,635. உலகிலேயே வேகமாக ஏறிய சந்தைகளில் ஒன்று என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. 2011 பெப்ரவரி நடுவில் 7,811 என்ற உச்சத்தைத் தொட்டது.

இந்த ஏற்றத்துக்குச் சொல்லப்பட்ட கதை உண்மையான கதை. யுத்தம் நின்றுவிட்டது, வீதி திறந்துவிட்டது, ஹோட்டல் வரும், வங்கி வரும், வட்டியும் குறைகிறது என்றார்கள். ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்கள் கண் முன்னாலேயே வீதி போட்டார்கள், வங்கிக் கிளைகள் திறந்தார்கள். ஓட்டத்தில் ஏமாறுகிறவர்கள் பொய்யை நம்பி ஏமாறுவதாக நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது சரியல்ல. பெரும்பாலும் மெய்யை நம்பித்தான் நட்டப்படுகிறார்கள். ‘சமாதானம் வந்தது’ என்பது மெய். அந்தச் சமாதானத்தின் பெறுமதியைப் போல இன்னும் பல மடங்கு ஏற்கனவே விலையில் ஏறிவிட்டது என்பதும் மெய். முதலாவதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், நீங்களாகத்தான் கேட்டு அறிய வேண்டும்.

விலை ஏற ஏற, தரகர் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுத்தன. ஒரு லட்சம் கையில் வைத்திருந்தவர் இரண்டு லட்சத்துக்குப் பங்கு வாங்கினார். வருமானமே இல்லாத சின்னக் கம்பனிகளின் பங்குகள் பெரிய கம்பனிகளை விட வேகமாக ஏறின. பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு கடனுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, சில பங்குகளின் விலை ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் அசையக்கூடாது என்று வரம்பு கட்டியது. கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தபோது வாங்க ஆள் இல்லை. சுட்டெண் 2011 முடிவில் 6,074, 2012 முடிவில் 5,643. இடையில் ஆணைக்குழுவின் தலைவர் இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பிறகு வந்த திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்டில் விலகினார். காவல்காரர்கள் அடுத்தடுத்துப் போகிற சந்தையில் விலை எந்த அளவுக்கு நியாயமானது என்று கேட்க ஒரு சின்ன முதலீட்டாளருக்கு முழு உரிமை உண்டு.

7,811 என்ற அந்தப் புள்ளியைச் சந்தை மறுபடி தாண்டியது 2021 ஜனவரியில். பத்து வருடம். நீர் வசதியுள்ள காணியில் அது இருபது போகம். உச்சத்தில் சொந்தக் காசில் வாங்கி, வேறு தேவைக்கு அதைத் தொடாமல் விட்டவர் பத்து வருடம் காத்திருந்து சுட்டெண் திரும்பி வந்ததைப் பார்த்தார், ஆனால் அதற்குள் அரிசி விலையும் மீன் விலையும் எங்கேயோ போயிருந்தன. கடன் வாங்கிப் போட்டவருக்குப் பத்து நாள் கூடக் காத்திருக்க வாய்ப்பில்லை. தவணைக்குக் காசு வராவிட்டால் தரகரே பங்கை விற்றுவிடுவார். வரம்பில் நிற்கிற லொறியின் கதைதான் இது, இடம் மட்டும் கொழும்பு.

அக்காவின் ஈட்டுத் துண்டு

அதே காலத்தில் எங்கள் ஊரில் ஓடியது பங்கு அல்ல, தங்கம். என் பெரியம்மாவின் மகள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இன்றைக்கும் ஒரு துண்டை வைத்திருக்கிறார். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்னால் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறது. சங்கிலி 1, காப்பு 2, மொத்தம் 24 கிராம், 22 கரட், கடன் 126,000 ரூபாய், வருட வட்டி 16 வீதம், 2012 ஐப்பசித் திகதி. எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லா வங்கிகளும் நகைக்கடன் கொடுக்க வாசலில் பதாகை கட்டிக்கொண்டு நின்றன.

2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பை வெள்ளம் மூடியது. விளைந்த வேளாண்மை தண்ணீருக்குள் போயிற்று. அந்தக் கடனின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கடன் என்று போய், 2012இல் விதைப்புக்கு அக்கா நகையை ஈடு வைத்தார். தங்கம் வருடாவருடம் ஏறிக்கொண்டிருந்ததால் வங்கிகள் நகையின் விலையை ஒட்டியே கடன் கொடுத்தன. “கூடத் தாறாங்கள் மகன், இரண்டு பவுணுக்குத் தர வேண்டிய காசை ஒண்டரைக்கே தாறாங்கள்” என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கூடத் தருகிறார்கள் என்பதை நல்ல செய்தியாகவே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கூடத் தந்தால் மீட்கும்போது கூடக் கட்ட வேண்டும் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

உலகச் சந்தையில் தங்கம் 2011 செப்டம்பரில் அவுன்ஸ் 1,900 டொலர் அளவுக்குப் போய்த் தேங்கி நின்றது. 2013 ஏப்ரலில், 12ஆம் திகதி வெள்ளிக்கிழமையும் 15ஆம் திகதி திங்கட்கிழமையும், இரண்டே வியாபார நாட்களில் 13 வீதத்துக்கு மேல் விழுந்தது. எங்கள் ஊரில் சித்திரை வருடப்பிறப்புக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். ஐப்பசியில் அக்காவின் தவணை வந்தது. 126,000 முதல், அதற்கு ஒரு வருட வட்டி 20,160, மொத்தம் 146,160 ரூபாய். அதே நிறைத் தங்கத்தைக் கடையில் புதிதாக வாங்கினாலும் அவ்வளவு வராது. ஒரு கிழமை யோசித்தார். மீட்கவில்லை. ஏலத்துக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அவரைப் போல நாடு முழுக்க ஆயிரமாயிரம் பேர் விட்டார்கள். வங்கிகளுக்கே நகைக்கடன் வாராக்கடனாகி, 2014இல் மத்திய வங்கி நகைக்கடனுக்கு உத்தரவாதத் திட்டம் ஒன்று கொண்டுவர வேண்டி வந்தது.

இதில் எனக்கு மனம் வலிக்கிற இடம் வேறு. தங்கம் ஏறும் என்ற பேச்சு பொய்யாகவில்லை. 2022இல் ரூபாய் விழுந்தபோது, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மூன்றே மாதத்தில் 360ஐத் தொட்டது, உலக விலை பெரிதாக அசையாமலே இங்கே பவுணின் விலை பறந்தது. 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அந்தச் சங்கிலியும் காப்பும் இன்றைக்கு இருந்திருந்தால்! அக்கா நம்பியது சரி. அவருடைய தவணை ஒரு வருடம், அந்த நம்பிக்கை பலிக்க ஏழெட்டு வருடம் எடுத்தது. சரியான நம்பிக்கையில் இப்படி நட்டப்பட்டவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

ஆகவே நகை ஈடு வைக்கப் போகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: எவ்வளவு தருவீர்கள் என்று கேட்காதீர்கள். தவணை நாளில் வட்டியோடு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு, அந்தத் தொகையைத் துண்டின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகை எந்த வெட்டில் இருந்து, எத்தனை மூட்டை விற்று வரும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் குறைத்து வாங்குங்கள். வங்கி கூடத் தர முன்வந்தாலும் குறைத்து வாங்கலாம், அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

கடன் கொடுப்பதிலும் ஓட்டம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போருக்குப் பிறகு நுண்கடன் கம்பனிகள் படுவான்கரையின் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் வந்தன. கிழமைக்குக் கிழமை வசூல். ஒருவர் ஐந்து கம்பனிகளில் எடுத்து ஒன்றை ஒன்றால் அடைத்தார். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய்க்கு உட்பட்ட, கட்ட முடியாமல் நின்ற நுண்கடன்களை அரசு பொறுப்பேற்கவும், வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு கட்டவும் வேண்டி வந்தது. அதற்குள் பல வீடுகள் இருந்த நகையையும் இழந்து நிம்மதியையும் இழந்திருந்தன.

2021: வைப்பில் இருந்த காசு பங்குக்குப் போன காலம்

2020இல் கொரோனா வந்தபோது மத்திய வங்கி வட்டியை வரலாறு காணாத அளவுக்குக் குறைத்தது. நிலையான வைப்பின் வட்டியில் மருந்து வாங்கிச் சீவித்த ஓய்வூதியக்காரர்கள் திண்டாடினார்கள். அதே நேரம் கைபேசியிலேயே பங்குக் கணக்குத் திறக்கும் வசதி வந்தது. முன்பு கொழும்புக்கோ தரகரின் கிளைக்கோ போக வேண்டிய வேலை, இப்போது வீட்டு விறாந்தையில் இருந்து முடிந்தது. இளம் ஆசிரியர்கள், கிராம சேவகர்கள், கட்டாரில் இருந்து காசு அனுப்புகிற பிள்ளைகள் என்று புதிய கூட்டம் சந்தைக்குள் வந்தது. 2020 முடிவில் 6,774 ஆக இருந்த சுட்டெண் 2021 முடிவில் 12,226.

அந்த ஓட்டத்தின் கதாநாயகன் எக்ஸ்போலங்கா. சரக்குகளைக் கப்பலிலும் விமானத்திலும் அனுப்பி வைக்கிற கம்பனி. கொரோனா காலத்தில் கொள்கலன் கட்டணம் உலகம் முழுக்க எகிறியதால் அதன் இலாபமும் எகிறியது. 2020 நடுவில் ஒற்றை இலக்க ரூபாயில் கிடைத்த பங்கு, 2022 ஜனவரியில் 400 ரூபாய் அளவுக்குப் போனது. இங்கேயும் கதை மெய்தான். கணக்கறிக்கையில் இலாபம் இருந்தது. ஆனால் கொள்கலன் கட்டணம் எப்போதும் அப்படியே இருக்குமா என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. துறைமுக நெரிசல் தீர்ந்தால் கட்டணம் இறங்கும், இறங்கினால் இலாபம் இறங்கும். நெல்லில் இதை நாம் யோசிக்காமலா இருப்போம்? இந்த வருடம் தட்டுப்பாட்டால் விலை ஏறினால், அடுத்த வருடமும் அதே விலைக்குப் போகும் என்று யாராவது காணியைக் குத்தகைக்கு எடுப்பார்களா?

2022 ஜனவரி 19ஆம் திகதி சுட்டெண் 13,462. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: டொலர் இல்லை, எரிபொருள் வரிசை, பால்மா வரிசை. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் வட்டியை 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. புது வருடத்துக்குப் பிறகு ஐந்து நாள் பங்குச் சந்தையே மூடிக் கிடந்தது. திறந்தபோதும் விழுந்தது. ஏப்ரல் முடிவில் 8,000க்குக் கீழ். மூன்றே மாதத்தில் நூறு ரூபாய் அறுபதுக்கும் கீழே வந்துவிட்டது. அறுபதாகிப்போனது மறுபடி நூறாக வேண்டும் என்றால் 67 வீதம் ஏற வேண்டும், நாற்பது வீதம் ஏறினால் போதாது. இந்தக் கணக்கை ஒரு தடவை கைப்பட எழுதிப் பாருங்கள்.

சுட்டெண் பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 கடைசியில். அதன் பிறகு 2025இல் 20,000த்தையும் கடந்தது. இதைக் காட்டி “வைத்திருந்தால் போதும், எல்லாம் திரும்பி வரும்” என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சுட்டெண் திரும்பி வந்தது உண்மை. எக்ஸ்போலங்கா வரவில்லை. அதன் ஜப்பானியத் தாய்க் கம்பனியான எஸ்ஜி ஹோல்டிங்ஸ் சின்னப் பங்குதாரர்களிடம் பங்கு 185 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ள முன்வந்தது, கம்பனி பங்குச் சந்தைப் பட்டியலை விட்டே போய்விட்டது. 400க்கு வாங்கிவிட்டுக் காத்திருந்தவருக்குக் காத்திருக்க ஒரு பொருளே இல்லாமல் போயிற்று. காத்திருப்பது என்றால் கையில் தவணை இருக்கக்கூடாது, காத்திருக்கிற பொருளும் அந்த நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

இது புதிய விஷயம் இல்லை. மலையகத்தில் 19ஆம் நூற்றாண்டில் எல்லோரும் கோப்பி நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. கோப்பி அழிய, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884இல் விழுந்தது. அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் ஆதர் கோர்டன் அரசின் பெயரில் பொறுப்பேற்க வேண்டி வந்தது. கோப்பி போன பிறகு எல்லோரும் சிங்கோனா நட்டார்கள். அதன் பட்டையில் இருந்து கொயினா எடுப்பார்கள், நல்ல விலை. எல்லோரும் நட்டதால் விலை சரிந்தது. அதன் பிறகுதான் தேயிலை நிலைத்தது. கோப்பி பிடுங்கிச் சிங்கோனா நட்டுச் சிங்கோனா பிடுங்கித் தேயிலை நட்ட துரைமாரில் கடைசி வரை தாக்குப்பிடித்தவர்கள், இடையில் கடன்காரர் வந்து கதவைத் தட்டாதவர்கள்தான்.

கதையே பொய்யாக இருக்கும் ஓட்டம்

இதுவரை சொன்னவற்றில் கதை மெய். இனிச் சொல்வதில் அடியும் இல்லை, நுனியும் இல்லை.

திரௌபதை அம்மன் கோயில் சடங்குக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு உறவுக்காரப் பொடியன் வீதியில் வைத்து என்னிடம் கைபேசியை நீட்டினான். திரையில் பச்சை நிறத்தில் ஓர் எண். அவன் போட்டது 200 டொலர், அப்போது 261 காட்டியது. “மச்சான், நாளுக்கு நாள் ஏறுது. நான் பொய் சொல்லுறனா, இஞ்ச பாரு.” அவன் பொய் சொல்லவில்லை. ஒருமுறை 40 டொலர் எடுத்தும் இருந்தான், அது கையில் வந்தது. அந்த 40தான் தூண்டில் இரை. அந்தக் காசைக் கண்ட பிறகு தங்கையின் சங்கிலியை ஈடு வைத்து இன்னும் போட்டான், கூட மூன்று பேரைச் சேர்த்தான். அந்தச் செயலியின் பெயர் வேண்டாம், அது போன பிறகு அவன் ஊருக்கு வருவதே குறைந்துவிட்டது. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் தன் சிநேகிதர்களுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தான்.

2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. எம்டிஎஃப்இ, ஒன்மாக்ஸ் டிடி இரண்டும் அதில் இருந்தன. எம்டிஎஃப்இயில் காசு போட்ட பலரின் கணக்கு, அந்த ஆண்டு ஓகஸ்டில், ஒரே இரவில் கழித்தல் எண்ணுக்கு மாறியது. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இப்படியான திட்டத்தைத் தொடங்குவது மட்டுமல்ல, விளம்பரப்படுத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றம். ஆள் சேர்த்தால் உங்களுக்குப் பங்கு என்று யாராவது சொன்னால், உங்கள் காசு மட்டுமல்ல, உங்கள் பெயரும் பொலிஸ் புத்தகத்துக்குப் போகலாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செயலி வருவதற்கு முன்பும் இது இருந்தது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி விழுந்தபோது கொழும்பில் படித்த, பெரிய உத்தியோகம் பார்த்த ஆயிரக்கணக்கானோர் வைப்பிட்ட காசை இழந்தார்கள். வைப்பு வாங்க மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தில் காசு போட முன், மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகள் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற இடத்திலும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 1,100,000 ரூபாய் வரைதான். அதற்கு மேல் வைப்பதென்றால் இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

சுவரில் ஒட்டும் தாள்

இனி வேலை. ஒரு நாற்கணக்குக் கொப்பித் தாளை எடுத்து, அடுத்த பன்னிரண்டு மாதத்தை மேலிருந்து கீழாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே, கட்டாயம் கட்ட வேண்டிய காசு: ஐப்பசியில் விதைநெல், உழவு, பிறகு பசளை, மருந்து. தையில் பள்ளிக்கூடச் செலவு. மாசியில் மெசின் கூலி. பங்குனியில் ஈடு. சிறுபோகம் செய்தால் அதன் செலவு, லீசிங் என்றால் மாதாமாதம். சீட்டுப் பிடித்திருந்தால் அதுவும். சடங்கு, சாமத்தியம், கல்யாணம் எல்லாம். இதில் ஏறிய ஒவ்வொரு ரூபாயும் தவணை உள்ள காசு. அதை எந்த ஓட்டத்திலும் போடக்கூடாது. யார் சொன்னாலும், எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும். அது போகிற இடத்துக்கும் ஒரு திகதி இருக்க வேண்டும்.

திகதி உள்ள இடங்கள் உண்டு. நிலையான வைப்பு ஒன்று. திறைசேரி உண்டியல் இன்னொன்று. (பெயரைக் கேட்டு, வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்புகிற உண்டியலோடு குழப்பாதீர்கள். இது அரசாங்கம் பொதுமக்களிடம் வாங்குகிற கடன்.) 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணையில் வாரந்தோறும் ஏலத்தில் விடுகிறார்கள். வங்கி மூலமாகவும் முதனிலை வணிகர் மூலமாகவும் வாங்கலாம். பங்குனியில் நெல் விற்ற காசை 182 நாள் உண்டியலில் போட்டால் புரட்டாதியில் கையில் வரும், ஐப்பசி விதைப்புக்குச் சரி. சந்தை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, அந்தத் திகதியில் எழுதிய தொகை வரும்.

இதிலும் ஓட்டம் வந்ததைச் சொல்ல வேண்டும். 2022 கடைசியில் உண்டியல் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. கொழும்பில் தெரிந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். படுவான்கரையில் அந்தப் பேச்சு வந்தபோது 2023 நடுவாகிவிட்டது, வட்டி இறங்கத் தொடங்கியிருந்தது. 2025இல் 8 வீத அளவில் நின்றது. ஆனால் பிந்தி வந்தவர்களும் இதில் முதலை இழக்கவில்லை, குறைந்த வட்டியைத்தான் பெற்றார்கள். மற்ற ஓட்டங்களில் பிந்தியவர் முதலையே கொடுத்தார். எந்த வாசலுக்குள் போகலாம், எதற்குள் போகக்கூடாது என்று தெரியாமல் நிற்கும்போது இந்த வித்தியாசத்தைப் பாருங்கள்: பிந்திப் போனால் எனக்கு என்ன ஆகும்?

தாளில் எல்லாம் எழுதிய பிறகும் மிச்சம் ஒரு தொகை நிற்கலாம். பலருக்கு நிற்காது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அப்படி என்றால் இந்த அத்தியாயத்தின் மீதியை அடுத்த வருடம் படியுங்கள். நிற்கிறவர்கள் அந்த மிச்சத்தை மட்டும் பங்கில் போடலாம், ஐந்து வருடம் அதை மறந்துவிட முடியும் என்றால். ஒரே கம்பனியில் போடாமல், இலாபப் பங்கு ஒழுங்காகக் கொடுத்து வந்த பல கம்பனிகளில், ஒரே நாளில் அல்லாமல் போகத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. வாங்க முன் யார் எனக்கு விற்கிறார், அவர் ஏன் இன்றைக்கு விற்கிறார் என்று கேளுங்கள். வரம்பில் ஈர நெல்லை விற்றபோது நாம் ஏன் விற்றோம் என்பது நமக்குத் தெரியும். பங்கை விற்கிற பெரிய ஆளுக்குக் கடன் தவணை எதுவும் இல்லாவிட்டால், அவர் வேறு ஏதோ தெரிந்துதான் விற்கிறார்.

போன ஐப்பசியில் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். பவுண் விலையைக் கேட்டுக் கேட்டு ஊரே அந்தரப்பட்டுக்கொண்டிருந்த நேரம். அவருடைய மகளின் சங்கிலி ஒன்று ஈட்டில் இருந்தது, போன வருடம் வைத்தது, விலை ஏறியதால் அதே நகைக்கு இன்னும் கூடத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். “திருப்பி வைச்சா இன்னும் காசி வரும். வைக்கவா, மீட்கவா?” என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுக்க, அவரே எழும்பிப் போய்க் குசினிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு வந்தார். மகளுக்குக் கல்யாணம் ஆவணியில். “மாசியில நெல்லு வரும், பங்குனியில மீட்கிறன்,” என்றார். பிறகு பிஸ்கட் தகரத்தைத் திறந்து, புதிய துண்டின் பின்புறத்தில், இருபத்தெட்டு மூட்டை என்று எழுதினார்.